சேசிஸ் மாறிய பின்னும் அதே வண்டியா?

பாறையிலும் சேற்றிலும் ஓட்டுவதற்கென்று இருக்கும் வண்டியில் எல்லாப் பாரத்தையும் தாங்குவது சேசிஸ். எஞ்சின், கியர் பாக்ஸ், அச்சுகள், பாடி, எரிபொருள் டேங்க் அத்தனையும் போல்ட் போட்டு நிற்கும் இடம் அதுதான். பழைய ஜீப்களில் அதன் வடிவம் மிக எளிது: நீளவாக்கில் இரண்டு தண்டுகள், அவற்றைப் பிணைக்கும் சில குறுக்குத் தண்டுகள். அந்தத் தண்டுகள் துருவேறி இற்றுப்போனாலோ, ஓட்ட நினைக்கும் நிலத்துக்கு அவை போதாமல் போனாலோ, சொந்தக்காரர் ஒரு நண்பரின் வெல்டிங் பட்டறையில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தி, புதிய சேசிஸை இருவருமாகக் கட்டிக்கொள்வது உண்டு. வேலை முடிந்து வண்டி வெளியே வரும்போது ஒரு கேள்வியும் கூடவே வருகிறது. உள்ளே போன வண்டியும் வெளியே வந்த வண்டியும் ஒன்றுதானா? தத்துவத்தில் இது இரண்டாயிரம் ஆண்டாக விடாமல் பேசப்பட்டு வரும் கேள்வி. பட்டறையில் அது பேச்சோடு நிற்பதில்லை. பதிவுச் சான்று, காப்பீடு, விபத்து நடந்தால் யார் பொறுப்பு என்பது வரை போகிறது.

இந்த வேலை ஆழ வேரூன்றிய இடம் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்கள். யூட்டாவின் மோவாப், கலிபோர்னியாவின் ஜான்சன் வேலி போன்ற பாறைவெளிகளில் ஓட்டுவதற்காக வீட்டு ஷெட்டிலும் நண்பர்களின் பட்டறையிலும் வண்டி கட்டுவது அங்கே பல பத்தாண்டுப் பழக்கம். ஜான்சன் வேலியில் 2007-இல் தொடங்கிய ‘கிங் ஆஃப் த ஹாமர்ஸ்’ பந்தயத்தைப் பார்த்தால் அந்தப் பழக்கம் எவ்வளவு தூரம் வளர்ந்திருக்கிறது என்று தெரியும். இதற்கு அடிக்கடி எடுக்கப்படும் வண்டிகளில் ஒன்று 1976 முதல் 1986 வரை வந்த ஜீப் சிஜே-7. அதன் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 93.4 அங்குலம், ஏறக்குறைய 2.37 மீட்டர். செங்குத்தான பாறையில் ஏறும்போது இவ்வளவு குட்டையான வண்டி பின்பக்கமாகக் கவிழப் பார்க்கும். அதனால் அச்சுகளைத் தள்ளி வைக்கிறார்கள். கமான் பட்டைகளைக் கழற்றிவிட்டுச் சுருள் ஸ்பிரிங்கும் இணைப்புத் தண்டுகளும் போடுகிறார்கள். சக்கரம் மேலும் கீழும் தாராளமாக அசைய அது இடம் கொடுக்கும். இவ்வளவு மாற்றத்தையும் பழைய சேசிஸ் அப்படியே ஏற்றுக்கொள்ளாது. பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் மாநிலத்திலிருந்து வந்த வண்டியானால் நிலைமை இன்னும் மோசம். தண்டுக்குள் தங்கிய சேறும் உப்பும் உள்ளிருந்தே இரும்பைத் தின்றிருக்கும். மேலே பெயின்ட் நன்றாக இருக்கும். ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் உள்ளே போய்விடும்.

புதிய சேசிஸுக்கு 2 அங்குலத்துக்கு 4 அங்குலச் செவ்வகக் குழாயைப் பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். அதன் தகட்டுக் கனம் பெரும்பாலும் 3/16 அங்குலம், அதாவது 4.8 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. முதலில் தயாராக வேண்டியது சேசிஸைப் படுக்க வைக்கும் மேடை. கனத்த இரும்பு மேசையை ரசமட்டம் வைத்துச் சமப்படுத்தி, நடுவே நீளவாக்கில் நூல் பிடித்துக் கோடு போடுகிறார்கள். அதற்குப் பிறகு எல்லா அளவும் அந்தக் கோட்டிலிருந்துதான். தண்டுகளைக் கிளாம்ப் போட்டு இறுக்கி, சின்னச் சின்னப் புள்ளிகளாக வெல்டிங் வைத்தபின் மூலைக்கு மூலை டேப் பிடித்துப் பார்க்கிறார்கள். இரண்டு குறுக்களவும் சமமாக வந்தால் சட்டம் கோணாமல் நிற்கிறது. வராவிட்டால் புள்ளியை அறுத்து மறுபடி வைக்க வேண்டியதுதான்; இந்தக் கட்டத்தில் அது பெரிய வேலை இல்லை.

முழு வெல்டிங் போடும்போதுதான் இரும்பு தன் குணத்தைக் காட்டும். உருகிய இடம் ஆறும்போது சுருங்கும். சுருங்கும்போது இணைப்பைத் தன் பக்கம் இழுக்கும். ஒரே மூலையில் நின்று ஒரேயடியாக ஓட்டினால், மேசையில் ஒழுங்காக இருந்த சட்டம் கிளாம்பைக் கழற்றியதும் முறுக்கிக்கொள்ளும். அதனால் இந்த மூலையில் கொஞ்சம், எதிர்மூலையில் கொஞ்சம் என்று மாறி மாறிப் போட்டு, ஆறவிட்டு, மறுபடி அளக்கிறார்கள். வட்டக் குழாய் வந்து சேரும் இடத்தில் வேலை இன்னும் நுணுக்கமானது. ஒரு குழாயின் முனையை மீன் வாய் போல வெட்டி, அடுத்த குழாயின் வளைவில் கச்சிதமாக உட்கார வைக்க வேண்டும். பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். இடுக்கில் வெளிச்சம் கசிந்தால் முனை திரும்பவும் கிரைண்டருக்குப் போகும்.

இவ்வளவு பார்த்தும் கண்ணுக்கு அகப்படாத ஒன்று உண்டு. வெல்டிங்கின் மேற்பரப்பு வரிவரியாக அழகாக அமைந்திருக்கும். அடியில் இரும்போடு இரும்பு உருகிக் கலக்காமல் மேலே வெறுமனே ஒட்டிக்கொண்டிருக்கலாம். கனத்த தண்டுக்குக் கரண்ட் போதாமல் வைத்து ஓட்டினால் இது நேரும். இதைக் கண்டுபிடிக்கப் பட்டறையில் இருக்கும் நம்பகமான வழி, அதே கனமுள்ள மாதிரித் துண்டுகளை அதே மிஷினில் அதே அளவு வைத்து ஒட்டி, குறுக்கே அறுத்தும் வைஸில் மடக்கியும் பார்ப்பது. சேசிஸில் போட்ட வெல்டிங்கையே அறுத்துப் பார்க்க முடியாது. வண்டியில் ஏறி உட்காருபவர் மாதிரித் துண்டையும் ஒட்டியவரின் கையையும் நம்பித்தான் உட்காருகிறார். அடையாளம் பற்றிய கேள்வி கடைசியில் வந்து நிற்கும் இடம் இந்த நம்பிக்கைதான். பழைய வாதங்களும் வேறு வழியில் இதற்குப் பக்கத்திலேயே வந்து சேர்ந்திருக்கின்றன.

கிரேக்கப் புராண வீரன் தீசியஸின் வரலாற்றை எழுதிய புளூட்டார்க், ஏதென்ஸ் மக்கள் அவனுடைய முப்பது துடுப்புக் கப்பலைக் காத்து வந்த செய்தியைச் சொல்கிறார். பழுதான பலகையை எடுத்துவிட்டுப் புதுப் பலகை வைத்துக்கொண்டே வந்தார்கள். அது அதே கப்பல்தான் என்று தத்துவவாதிகளில் ஒரு சாராரும், அல்ல என்று மறுசாராரும் வாதிட்டார்கள். 1655-இல் வந்த தன் லத்தீன் நூலில் தாமஸ் ஹாப்ஸ் இந்த முடிச்சை இன்னும் இறுக்கினார்: கழித்துப் போட்ட பழைய பலகைகளை ஒருவர் சேர்த்து வைத்து, அதே வரிசையில் மறுபடி ஒரு கப்பல் கட்டிவிட்டால் எது தீசியஸின் கப்பல்? வகுப்பறையில் இது வெறும் கற்பனைபோலத் தெரியும். பட்டறை முற்றத்தில் இது நடக்கக்கூடிய காரியம். கழற்றிய பழைய சேசிஸ் சுவரோரம் சாய்ந்து கிடக்கும். துருப்பிடித்த இடத்தை வெட்டி ஒட்டுப் போட்டு, வேறு பாடியும் எஞ்சினும் ஏற்றினால் அதுவும் ஒரு சிஜே-7. அதை வாங்கியவர் தன்னுடையதுதான் அசல் என்று சொன்னால், இரும்பை மட்டும் வைத்து அவரை மறுப்பது கடினம்.

அரிஸ்டாட்டில் வழியில் யோசிப்பவர், பலகை மாறினாலும் வடிவமும் பயனும் தொடர்கின்றன, ஆகவே கப்பல் அதே கப்பல்தான் என்று சொல்லலாம். சேசிஸ் கட்டுபவருக்கு இது கைகொடுக்காது. அவர் வடிவத்தையும் மாற்றிவிடுகிறார். வண்டி செய்யும் வேலையும் மாறிவிடுகிறது. இந்திய மரபில் நியாய, வைசேடிகர்கள் இந்த விஷயத்தில் மிகக் கறாரானவர்கள். துணி என்பது நூல்களின் குவியல் ஆகாது, நூல்களில் தங்கியிருக்கும் தனிப்பொருள் அது என்பது அவர்கள் கொள்கை. அதற்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது. ஒரு நூல் அறுந்து போனாலும் பழைய துணி அழிந்தது, எஞ்சிய நூல்களில் புதுத்துணி ஒன்று தோன்றியது என்றே சொல்ல வேண்டி வந்தது, சொல்லவும் சொன்னார்கள். அந்தக் கணக்குப்படி முதல் குறுக்குத் தண்டை அறுத்த அன்றே பழைய ஜீப் போய்விட்டது. உலக வழக்கோடு ஒட்டாத முடிவுதான். ஆனாலும் தன் கொள்கை இழுத்துச் சென்ற இடம்வரை பின்வாங்காமல் போன நேர்மை அதில் இருக்கிறது.

பௌத்தர்கள் எதிர்த்திசையிலிருந்து வந்தார்கள். பாலி மொழியிலுள்ள மிலிந்த பஞ்ஹாவில் நாகசேனர் என்னும் துறவி, கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் ஆண்ட இந்தோ-கிரேக்க அரசன் மெனாண்டரோடு உரையாடுகிறார். தேரில் வந்ததாக அரசன் சொன்னதும், ஏர்க்கால்தான் தேரா, அச்சுதான் தேரா, சக்கரம்தான் தேரா என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்கிறார். அந்த வரிசையில் தேரின் சட்டகமும் வருகிறது. சேசிஸ்தான் வண்டி என்று சொல்லித் தப்பிக்கவும் வழி வைக்கவில்லை அவர். எல்லாவற்றுக்கும் இல்லை என்றே பதில் வருகிறது. பாகங்கள் சேர்ந்திருக்கும்போது வழங்கும் பெயர்தான் தேர் என்று பேச்சு முடிகிறது. இந்த உரையாடலை எடுத்துச் சொல்பவர்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அதனால் பௌத்தம் வண்டியே இல்லை, ஆளே இல்லை என்று கைவிரித்துவிட்டது போன்ற எண்ணம் பரவியிருக்கிறது.

அதே நூலில் சற்றுத் தள்ளி ஒரு மாம்பழத் திருட்டு வழக்கு வருகிறது. பிறர் மரத்து மாம்பழங்களைப் பறித்துப் பிடிபட்டவன், இவர் நட்ட மாங்கொட்டை வேறு, நான் பறித்த பழம் வேறு, ஆகவே என் மேல் குற்றமில்லை என்று வாதாடுகிறான். அவன் சொல்வது பொய்யில்லை. நட்டதும் பறித்ததும் ஒரே பொருள் இல்லை. ஆனாலும் நட்டதிலிருந்துதான் பறித்தது வந்தது, அதனால் தண்டனை உண்டு என்று அரசனே ஒப்புக்கொள்கிறான். இந்தப் பிறவியில் செய்த வினைக்கு அடுத்த பிறவியில் பயன் அனுபவிப்பது எப்படி என்பதற்கு நாகசேனர் தரும் விளக்கம் இது. ஒன்றா, வேறா என்ற கேள்வியை அவர் ஓரமாக வைத்துவிடுகிறார். ஒன்றின் பொறுப்பு எந்த வழியாக மற்றொன்றுக்கு வந்து சேர்கிறது என்று கேட்கிறார். தமிழ்ச் சைவ சித்தாந்தம் இதை ஏற்கவில்லை. 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அருணந்தி சிவாசாரியார், சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் பௌத்தப் பிரிவுகளை எடுத்துக்கொண்டு மறுக்கிறார். நிலைத்த ஆன்மா ஒன்று இல்லாவிட்டால் வினைக்கும் பயனுக்கும் முடிச்சுப் போட முடியாது என்பது சித்தாந்தத்தின் நிலை. விடையில் இவ்வளவு தூரம் விலகி நிற்கும் இரு தரப்பும் கேள்வியில் ஒன்றுபடுவது கவனிக்கத்தக்கது. இருவருக்கும் வழக்கு பொறுப்பைப் பற்றியது.

இங்கிலாந்தில் ஜான் லாக்கும் தனி வழியில் இதே இடத்துக்கு வந்தார். மனித அறிவு பற்றிய தன் நூலின் இரண்டாம் பதிப்பில், 1694-இல், அடையாளம் பற்றிய அத்தியாயத்தைச் சேர்த்தார். மரம் அதே மரமாக இருப்பது ஓர் உயிரின் தொடர்ச்சியால்; மனிதர் அதே ஆளாக இருப்பது நினைவின் தொடர்ச்சியால் என்றார். அதோடு, ஆள் என்பதே செயலையும் அதற்குரிய தகுதியையும் குற்றத்தையும் ஒருவர் மேல் சேர்ப்பதற்கான, நீதிமன்றத்துக்கு உரிய கருத்து என்றும் எழுதினார்.

ஜீப்புக்கு உயிரும் கிடையாது, நினைவும் கிடையாது, வினையும் கிடையாது. அப்படியானால் பொறுப்பின் தொடர்ச்சியை அது தானாகச் சுமக்க வழியில்லை; மனிதர்கள்தான் சுமக்க வேண்டும். ‘அதே வண்டியா’ என்று இரும்பைக் கேட்டால் விடை கிடைக்காததற்குக் காரணம் இதுதான். மாற்றிய ஒவ்வொன்றையும் இன்னார் மாற்றினார், இன்ன காரணத்தால் மாற்றினார், அதற்கு இவர் பொறுப்பு என்று அறுபடாமல் சொல்ல முடிகிறவரை அது அதே வண்டி. அந்தச் சரம் அறுந்த இடத்தில், பழைய போல்ட் ஒவ்வொன்றும் அப்படியே இருந்தாலும், அது வேறு வண்டி. திருடி, எண்ணைச் சுரண்டிவிட்டு விற்ற வண்டியில் ஒரு பாகம்கூட மாறியிருக்காது. அதை யாரும் அதே வண்டி என்று நிம்மதியாக ஓட்டுவதில்லை.

சட்டம் இந்தப் பொறுப்பை ஓர் எண்ணில் கட்டி வைத்திருக்கிறது. அமெரிக்காவில் 1981 முதல் வாகன அடையாள எண் 17 எழுத்தும் இலக்கமும் கொண்டது. அதை அழிப்பதும் மாற்றுவதும் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். ஜீப்பில் பதிவுக்குப் பார்க்கும் எண் பாடியோடு ஒட்டிய தகட்டில் இருப்பதால், கீழே சேசிஸ் மாறினாலும் எண் தன் இடத்தில் நிற்கும். முற்றிலும் கையால் கட்டிய வண்டியைக் கலிபோர்னியா போன்ற மாநிலங்கள் தனி வகையாகப் பதிவு செய்கின்றன. பழைய வண்டியின் பெயரில் அது ஓட முடியாது. இந்தியாவில் எண்ணைச் சேசிஸிலேயே பொறிக்கிறார்கள். தண்டை வெட்டி எறிந்தால் எண்ணும் சேர்ந்து போகும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரித்தவர் குறிப்பிட்ட விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. தயாரிப்பாளரின் மாதிரி வண்டி சோதனையில் தேறிய பிறகுதான் அந்த ரகமே சாலைக்கு வருகிறது. அந்தச் சோதனைக்கு உட்பட்ட அமைப்பைச் சொந்தக்காரர் தன் விருப்பப்படி மாற்ற முடியாது என்பது தீர்ப்பின் சாரம். பட்டறையில் உழைப்பவர்களுக்கு இது கசக்கும். ஆனால் இங்கே பொறுப்பு தயாரிப்பாளரிடம் நிற்கிறது, அங்கே கட்டியவரிடம் மாற வழி இருக்கிறது என்ற ஒரே வேறுபாடுதான். பொறுப்பில்லாத வண்டியை இரண்டு நாட்டுச் சட்டமும் ஏற்கவில்லை.

சமயம் இதே சிக்கலைத் தீர்த்த விதத்துக்குப் பூரி ஜகந்நாதர் கோயிலைப் பார்க்கலாம். அங்கே மூலவர் திருமேனிகள் வேப்ப மரத்தால் ஆனவை. ஆனி–ஆடியை ஒட்டிய ஆஷாட மாதம் இரண்டாக வரும் சில ஆண்டுகளில் புதுத் திருமேனி செய்யும் நவகளேபரம் என்னும் சடங்கு நடக்கிறது. 1996-லும் 2015-லும் நடந்தது. பழைய திருமேனிக்குள் இருக்கும் பிரம்ம பதார்த்தம் என்னும் புனிதப் பொருளைத் தைதாபதிகள் என்னும் கோயில் சேவகர்கள் இரவில் கண்ணைக் கட்டிக்கொண்டு, கையில் துணி சுற்றிக்கொண்டு புதியதற்கு மாற்றுகிறார்கள். மரம் முழுக்க வேறு; தெய்வம் அதே தெய்வம். ஐயத்துக்கு இடமில்லாதபடி இதைச் செய்வது இரண்டு காரியங்கள். மாற்றும் உரிமை யாருக்கு என்பது பரம்பரையாக வரையறுக்கப்பட்டது. பழைய திருமேனிகள் கோயிலி வைகுண்டம் என்ற இடத்தில் மண்ணுக்குள் அடக்கம் செய்யப்படுகின்றன. ஹாப்ஸ் கேட்ட இரண்டாவது கப்பல் அங்கே எழவே முடியாது; பழைய பலகைகளுக்கு முறையான முடிவு கட்டியாகிவிட்டது. பட்டறைக்காரர்களும் இதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. கழற்றிய சேசிஸைச் சுவரோரம் சாய்த்து வைக்காமல், துண்டு துண்டாக அறுத்துப் பழைய இரும்புக்குப் போடுவது புது வண்டியின் அடையாளத்துக்குச் செய்யும் வேலையிலேயே சேரும்.

மீதி இருப்பது நண்பரின் பங்கு. தொழிற்சாலையில் ஒட்டுபவருக்கு ஓட்டுபவரைத் தெரியாது. அவர்களுக்கு நடுவே சோதனைக்கூடமும் தரக்கட்டுப்பாடும் உத்தரவாதச் சீட்டும் நிற்கின்றன. நண்பரின் பட்டறையில் அவை எதுவும் கிடையாது. பெரும்பாலும் கூலிகூடக் கிடையாது, சாப்பாட்டோடு சரி. ஒட்டியவருக்கு அந்த வண்டியில் உட்காரப் போகும் குழந்தையின் பெயர் தெரியும். அரிஸ்டாட்டில் நட்பை மூன்றாகப் பிரித்தார்: பயனுக்காக, இன்பத்துக்காக, நற்குணத்துக்காக. பட்டறை நட்பில் மூன்றும் கலந்திருக்கும். சிக்கல் எங்கே வருகிறது என்றால், மாதிரித் துண்டை அறுத்துக் காட்டச் சொல்வதற்கு ஓட்டுபவர் கூசுகிறார். சும்மா செய்து தருகிறவரைச் சோதிப்பதா என்று தோன்றுகிறது. ஒட்டுபவரும் தானாகக் காட்டுவதில்லை. கேட்டால் சிலருக்கு முகம் வாடுகிறது.

திருக்குறளில் நட்பு அதிகாரத்துக்கு அடுத்தே நட்பாராய்தல் வருகிறது, அதற்கு அடுத்துப் பழைமை. ஆராய்ந்து கொள்வதும், கொண்டபின் நெடுநாள் நண்பர் எடுத்துக்கொள்ளும் உரிமையைப் பொறுத்துப் போவதும் அடுத்தடுத்து நிற்கின்றன. பட்டறையில் இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் ஆபத்து. நண்பர் சொன்ன நாளில் முடிக்காமல் இழுத்தால் அது பழைமையில் அடங்கும், பொறுத்துக்கொள்ளலாம். ஸ்டியரிங் பாக்ஸ் உட்காரும் தாங்கியின் வெல்டிங் அதில் அடங்காது. அதைச் சோதிக்கச் சொல்வது நண்பரின் நேர்மையைச் சந்தேகிப்பதும் ஆகாது, ஏனென்றால் உருகிக் கலக்காத வெல்டிங் போட்டவர் கண்ணுக்கே தெரிவதில்லை. தன் கண்ணுக்கும் தெரியாத ஒன்றுக்குத் தான் பொறுப்பு என்று உணர்கிற நண்பர், கேட்பதற்கு முன்பே மாதிரித் துண்டை வைஸில் வைத்து மடக்கிக் காட்டுவார். எதற்கும் கணக்குப் பார்க்காத நட்பில் இந்த ஒன்றுக்கு மட்டும் கணக்கு வேண்டும்.

இந்தப் பொறுப்பு அவர்கள் இருவரோடு முடிவதில்லை. வண்டி விற்கப்படும், வாங்குபவருக்கு அந்தப் பட்டறையும் தெரியாது, அங்கே இருந்த நட்பும் தெரியாது. அவரிடம் போய்ச் சேரும் தொடர்ச்சி காகிதத்தில்தான் இருக்க முடியும்: குழாயின் வகையும் கனமும், எந்த மிஷினில் எந்தக் கம்பி வைத்து ஒட்டியது, அச்சு இடைவெளி முன்பு எவ்வளவு இப்போது எவ்வளவு, பழைய சேசிஸ் என்ன ஆனது, பதிவு அலுவலகத்தில் என்ன எழுதிக் கொடுத்தது. பெயின்ட் அடித்தபின் இணைப்புகள் மறைந்துவிடும் என்பதால், அதற்கு முன்பே ஒவ்வொரு மூலையையும் படம் எடுத்து அந்தக் கோப்பில் சேர்க்கிறார்கள், அக்கறையுள்ளவர்கள். அடுத்த சொந்தக்காரர் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்கும்போது எந்த இணைப்பை முதலில் தேய்த்துப் பார்க்க வேண்டும் என்பது அந்தப் படங்களிலிருந்துதான் அவருக்குத் தெரியவரும்.